இன்று வராதவர் யார்?

கோட்டயத்திலிருந்து குமுளிக்குப் போகும் 183ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, குட்டிக்கானத்தையும் பீர்மேட்டையும் கடந்து இறங்கும்போது பெரியாற்றங்கரையில் வண்டிப்பெரியார் வருகிறது. மேலே முல்லைப் பெரியாறு அணை, சுற்றிலும் தேயிலை. கடைத்தெருவில் மலையாளத்தோடு தமிழும் தாராளமாகக் கேட்கும். கங்காணிகளின் பின்னால் மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் லயங்களில் வாழ்கிறார்கள்.

தோட்டத்தின் நாள் ஆள் கணக்கோடுதான் தொடங்கும். இலங்கை மலையகத்தில் அந்தக் கணக்கெடுக்கும் இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். ‘பரேட்’ என்ற சொல்தான் வாய்ப்பேச்சில் பெரட்டு ஆனது என்பார்கள். பட்டாளத்தின் காலையும் அப்படியே: ஃபால் இன், எண்ணிக்கை, பிறகு பி.டி. தோட்டத்தில் துரையின் வசதிக்காகவும் பட்டாளத்தில் அதிகாரியின் வசதிக்காகவும் எடுத்த கணக்கு அது. ஆனால் அதில் இன்னொரு பயனும் இருந்தது. ஒருவர் வரவில்லை என்றால், விடிந்து அரை மணிக்குள் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த அத்தியாயம் முழுக்க அந்தப் பயனைப் பற்றியதுதான்.

பட்டாள ஆள்சேர்ப்பு நெருங்கும் மாதங்களில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சின்ன ஊர்களின் பள்ளி மைதானங்களுக்கு அதிகாலையில் போய்ப் பாருங்கள். இருட்டு விலகுமுன் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். 1600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். பீமில் தொங்கிப் பத்து முறை உடம்பைத் தூக்க வேண்டும். ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். விசிலோடு ஓரத்தில் நிற்பவர் பல ஊர்களில் ஓய்வுபெற்ற சிப்பாயாக இருப்பார். காசு வாங்காமல் பழக்குகிறவர்களும் உண்டு. பையன்களுக்கு அவர் மிலிட்டரி அண்ணன். முந்தைய நாள் வராதவனை அவர் விட மாட்டார். “ஏண்டா, நேத்து ஏன் வரல?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரும் ஓட ஆரம்பிக்க முடியாது.

மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டியில், சீருடைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற சலாஹுத்தீன் இதே போன்ற ஒன்றைப் பெரியவர்களுக்காகத் தொடங்கினார். ‘மெக் 7’ என்று பெயர். திறந்த வெளியில், கட்டணமில்லாமல், இருபது நிமிடத்தைச் சற்றே தாண்டும் கூட்டு உடற்பயிற்சி. மலபாரில் ஊர் ஊராகப் பரவியது. 2024 இறுதியில் அதைச் சுற்றி அரசியல் சர்ச்சை கிளம்பியது. அந்தச் சர்ச்சை நமக்குத் தேவையில்லை. நடுவயதைத் தாண்டியவர்கள் விடியற்காலையில் படுக்கையை விட்டு எழுந்து மைதானத்துக்கு ஏன் வந்தார்கள் என்பதே நம் கேள்வி. கை காலை வீசுவதை வீட்டு முற்றத்திலேயே செய்யலாமே.

இதற்கு உடம்பே ஒரு பதில் வைத்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகள் பன்னிரண்டு பேரை வைத்து எம்மா கோஹன், ராபின் டன்பார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். துடுப்பு வலிக்கும் எந்திரத்தில் ஒரு நாள் தனியாக, இன்னொரு நாள் ஆறு பேர் சேர்ந்து. உழைப்பு இரண்டு நாளும் ஒரே அளவு. பயிற்சி முடிந்ததும், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி இறுக்கிக்கொண்டே போய், வலி எப்போது தெரிகிறது என்று கேட்டார்கள். தனியாகச் செய்த நாளிலும் வலி தாங்கும் எல்லை உயர்ந்தது. சேர்ந்து செய்த நாளில் அதைவிட வெகுவாக உயர்ந்தது. மூளை தானே சுரக்கும் எண்டார்ஃபின்கள் கூடுவதன் மறைமுக அடையாளமாக ஆய்வாளர்கள் இதை எடுத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் சேர்ந்து ஆடும்போதும், சேர்ந்து பாடும்போதும், ஏன், சேர்ந்து சிரிக்கும்போதுமே இதே போக்கைப் பிற்காலச் சோதனைகள் கண்டன.

வில்லியம் மக்னீல் என்ற வரலாற்றாசிரியருக்கு இது எந்திரம் இல்லாமலே புரிந்தது. 1941இல் அமெரிக்கப் படையில் சேர்க்கப்பட்டு டெக்சாஸ் வெயிலில் நடை பழகியவர் அவர். பயனற்றது என்று மனம் சொன்ன அந்த நடை, மற்றவர்களின் காலோடு தன் காலும் விழும்போது விவரிக்க முடியாத ஒரு நிறைவைத் தந்ததை அவர் மறக்கவேயில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1995இல், நடனத்தையும் அணிவகுப்பையும் பற்றி ஒரு முழு நூல் எழுதி அந்த உணர்வுக்குத் தசைப் பிணைப்பு என்று பெயரிட்டார்.

வண்டிப்பெரியார்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்தால் சத்திரம் வழியாகவும் வல்லக்கடவு வழியாகவும் புல்மேடு ஏறிச் சபரிமலைக்குப் போகும் கூட்டம் அவர்கள் ஊரைத்தான் கடக்கிறது. குருசாமி குரல் கொடுக்க, பின்னால் வருகிறவர்கள் திருப்பிச் சொல்ல, ஏற்றத்தில் மூச்சும் சரணமும் ஒன்றாகிவிடும். ஒரே மாலையில் யாரென்று தெரியாதவர் சாமியாகி, மறுநாள் உறவாகிவிடுகிறார். மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை டிமிட்ரிஸ் சிகலாட்டாஸ் என்ற மானுடவியலாளர் ஆராய்ந்து 2013இல் எழுதினார். காவடி முடிந்து வெளியே வந்தவர்களிடம் கோயிலுக்குக் காணிக்கை தரும் வாய்ப்பு கொடுக்கப்பட்டது. வெறும் கூட்டு வழிபாட்டிலிருந்து வந்தவர்களைவிடக் காவடிக்காரர்கள் அதிகம் கொடுத்தார்கள். வலி கூடக் கூடக் கொடையும் கூடியது. அலகு குத்தாமல் உடன் நடந்து வந்தவர்களும் அள்ளிக் கொடுத்தார்கள். வலி ஒருவர் உடம்பில் இருந்தாலும், கூடவே நடப்பவர் அதில் பங்கு எடுத்துக்கொள்கிறார்.

பட்டாளம் இந்தப் பிணைப்பைத் திட்டமிட்டு உண்டாக்கும் இடம். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமெண்டின் சிப்பாய்களைத் ‘தம்பி’ என்றே மற்றப் படையினர் அழைப்பார்கள். பனியிலும் பாலையிலும் ஒருவருக்கு ஒருவர் துணை என்று ‘பட்டி’ (buddy) ஜோடி போடுவார்கள். பதினைந்து, பதினேழு வருடம் இப்படி வாழ்ந்த ஒருவர் முப்பத்தெட்டு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்புகிறார். நம் கண்ணுக்கு அவர் பத்திரமாக வந்துவிட்டவர். ஆபத்து எல்லையில் இருந்தது, இனி ஏது என்று நினைக்கிறோம்.

ஆய்வுகள் வேறு சொல்கின்றன. அமெரிக்கப் படையினர் சுமார் 39 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், போர்முனைக்கு அனுப்பப்பட்டதற்கும் தற்கொலைக்கும் தொடர்பு தென்படவில்லை. படையை விட்டு வெளியேறியதற்கும் தற்கொலைக்கும்தான் தொடர்பு தெரிந்தது. நான்கு வருடம் முடியுமுன் வெளியேறியவர்களிடம் அது இன்னும் கூடுதல். அந்நாட்டுக் கணக்கை அப்படியே நம் ஊருக்கு ஒட்டவைக்கக் கூடாது. அங்கே குறை வருடத்தில் வெளியேறியவர்களின் காரணங்கள் வேறு. ஆனாலும் 2022இல் அறிமுகமான அக்னிபத் திட்டத்தில், நான்கு வருடம் முடிந்ததும் நான்கில் மூன்று பேராவது வீடு திரும்புவார்கள் என்று அறிவிக்கப்பட்டது. இளைஞர்கள் தொகுதி தொகுதியாகத் திரும்பப்போகும் ஊர்கள் அந்தக் கணக்கை ஒருமுறை படித்து வைப்பது நல்லது. பணியில் இருக்கும்போதும் நிலைமை லேசானதல்ல. ஐந்தாண்டுகளில் முப்படைகளிலும் சேர்த்து 819 பேர் தற்கொலையால் இறந்ததாக 2022 ஜூலையில் அரசு மாநிலங்களவையில் தெரிவித்தது. அவர்களில் 642 பேர் தரைப்படையினர்.

தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர் தன் தந்தையைத் தற்கொலையில் இழந்தவர். 2005இல் அவர் முன்வைத்த விளக்கம் இந்தத் துறையில் பெரிதும் விவாதிக்கப்படுவது. ‘நான் யாருக்கும் உரியவன் அல்ல’ என்ற எண்ணம் ஒன்று. ‘நான் எல்லோருக்கும் சுமை’ என்ற எண்ணம் இன்னொன்று. இவற்றோடு, வலிக்கும் சாவுக்கும் அஞ்சாத பழக்கமும் ஒரே ஆளிடம் சேரும்போது உயிருக்கு ஆபத்து என்கிறார். அஞ்சாமையைப் பயிற்சியே கொடுத்துவிடுகிறது. ஊர் திரும்பியதும் முதல் எண்ணம் மெல்ல வந்து உட்காரும். கேன்டீன் கோட்டாவில் வாங்கும் மது அதைச் சத்தமில்லாமல் வளர்க்கும். மனைவி பிள்ளைகள் அருகில் இல்லாததால் வரும் தனிமை அல்ல இது. அவர்களை நேசித்துக்கொண்டே, அவர்களிடம் சொல்லச் சொல் இல்லாமல் இருப்பது.

இனி, அந்த மிலிட்டரி அண்ணனையே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று வேண்டாம், பெயரும் வேண்டாம். ஒரு நாள் விசில் சத்தம் கேட்கவில்லை. விசாரித்தால் வரும் செய்தி, அந்த மைதானத்தில் யாரும் எதிர்பார்க்காத செய்தி.

அடுத்து நடப்பதெல்லாம் நமக்குத் தெரியும். போலீஸ், போஸ்ட்மார்ட்டம், அவசர அவசரமாக அடக்கம். அகால மரணம் என்பதால் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் தெரு. வீட்டுக்குள் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். ஒரே அசைவு, ஒரே இழுப்பு, ஒரே மூச்சு, நெஞ்சில் விழும் அடியும் ஒரே தாளம். படகோட்டிகளைச் சோதித்தவர்கள் இந்த வட்டத்தைச் சோதித்ததாக நான் அறிந்ததில்லை. ஆனால் அங்கே கண்டது இங்கேயும் நடக்கிறது என்று நம்ப எனக்குத் தயக்கமில்லை. துக்கத்தைக் கூட்டாக உடம்பால் சுமக்கும் ஒரு முறையை நம் பாட்டிமார் எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாமலே வைத்திருந்தார்கள். அதே நேரம் பந்தலுக்கு வெளியே, பைக்குகள் மேல் சாய்ந்து, வாய் திறக்காமல் நிற்கிறார்கள் மைதானத்துப் பையன்கள். அவர்களுக்கு ஒப்பாரி இல்லை. பங்காளிக்குத் தீட்டு உண்டு, மாமன் மச்சானுக்குச் செய்முறை உண்டு. கூட ஓடியவனுக்கு நம் சடங்கில் இடமே கிடையாது. மறுநாள் வேலைக்குப் போனால் “அவர் உனக்கு என்ன வேணும்?” என்று கேட்பார்கள். பதில் சொல்ல முறைப்பெயர் இல்லை.

சமூகம் ஏற்காத இத்தகைய துக்கத்தைப் பற்றிக் கென்னத் டோகா 1980களிலிருந்து எழுதிவருகிறார். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று அதைச் சொல்லலாம். உடம்புக்கு இந்த முறைப்பெயர்க் கணக்கெல்லாம் தெரியாது. மாரடைப்பு வந்த 1985 பேரை ஆராய்ந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், மனத்துக்கு நெருக்கமான ஒருவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ 21 மடங்கு உயர்ந்திருந்தது. நாள் செல்லச் செல்ல அது குறைந்தது. நெருக்கமானவர் என்றுதான் கேட்டார்கள், இரத்த உறவா என்று கேட்கவில்லை. பிரிட்டனில் அலெக்ஸாண்ட்ரா பிட்மன் குழு, உறவையோ நட்பையோ திடீரென்று இழந்த 3432 இளைஞர்களை ஆராய்ந்து 2016இல் எழுதியது இன்னும் நேரடியானது. இயற்கையான திடீர் மரணத்தில் இழந்தவர்களைவிட, தற்கொலையில் இழந்தவர்கள் தாங்களும் உயிரை மாய்க்க முயலும் வாய்ப்பு 65 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இறந்தவர் இரத்த உறவு என்றாலும் நண்பர் என்றாலும் இதில் வேறுபாடு இல்லை.

பந்தலுக்கு வெளியே நிற்கும் அந்தப் பையன்களை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். ஆறுதல் சொல்ல யாரும் போகாத அவர்களும் ஆபத்தில்தான் நிற்கிறார்கள்.

நண்பனின் பின்னே போவதை நாம் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் போற்றியும் வந்திருக்கிறோம். கோப்பெருஞ்சோழன் தன் பிள்ளைகளோடு பகைத்து, மனம் வெறுத்து, உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட முடிவெடுத்தான். பார்த்தேயிராத பாண்டிநாட்டு நண்பர் பிசிராந்தையார் வருவார் என்று பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் வந்து உட்கார்ந்தார். புறநானூறு சொல்லும் இந்த நட்பை வகுப்பறையில் சொல்லும்போது என் தொண்டையும் அடைக்கும். ஆனாலும் இந்த அத்தியாயத்தை எழுதும்போது அந்த ஒதுக்கிய இடம் என்னைப் பயமுறுத்துகிறது. பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கெம் 1897இல் தற்கொலையைப் பற்றி எழுதியபோது, பிணைப்பு அற்றுப்போவது மட்டுமல்ல, அளவு கடந்து இறுகுவதும் உயிரைக் கேட்கும் என்றார். அதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று பட்டாளம். சகோதரத்துவம் தானாகவே யாரையும் காப்பாற்றிவிடாது. அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதே கதையில் நாம் அதிகம் பேசாத ஒருவர் இருக்கிறார். பொத்தியார். அவரும் சோழனோடு வடக்கிருக்க வந்தவர்தான். மனைவி கருவுற்றிருக்கிறாள், பிள்ளை பிறந்த பின் வா என்று சோழன் அவரைத் திருப்பி அனுப்பினான். நண்பன் சொன்ன ஒற்றைச் சொல்லால் அவர் உறையூர் திரும்பினார், அரசன் இல்லாத ஊரைப் பார்த்து அழுதார், பாட்டாகவும் பாடினார். பின்னாளில் சோழனின் நடுகல்லின் பக்கத்தில் இடம் கேட்டுத் திரும்பி வந்தார் என்பது உண்மை. ஆனால் நடுவில் ஒரு குழந்தை பிறக்கும் அளவுக்குக் காலம் கிடைத்தது. தற்கொலைத் தடுப்பில் இன்று நாம் கேட்பதும் அதே காலத்தைத்தான். உயிரை விடத் துடிக்கும் வேகம் பலருக்கும் அலை போல உயர்ந்து தணியக்கூடியது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பிழைத்த பெரும்பாலோர் பின்னால் தற்கொலையால் இறப்பதில்லை.

காலத்தை நீட்டிக்கக் கூட்டாளிகளால் முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 2008இல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மந்துக்குப் போன அமெரிக்க மரைன் படையின் ஒரு பட்டாலியனில், ஊர் திரும்பிய பின் ஒருவர் பின் ஒருவராகப் பத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறந்தார்கள். ஒவ்வோர் இறுதிச் சடங்கிலும் சந்தித்துக்கொண்டவர்கள் ஒரு கட்டத்தில், யார் எந்த ஊரில் இருக்கிறார்கள், போன் எண் என்ன என்று தாங்களே ஒரு பட்டியல் போட்டார்கள். ஒருவர் பேச்சு சரியில்லை என்று தெரிந்தால், அருகில் இருப்பவர் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

இந்த எளிய வேலைக்கு நம் சென்னையும் ஒரு சாட்சி. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தி 2008இல் முடிவு வெளியிட்ட ஆய்வில் சென்னையும் கொழும்பும் இடம்பெற்றன. சென்னையில் முன்னின்றவர், 1986இல் ‘சிநேகா’வைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். உயிரை மாய்க்க முயன்று மருத்துவமனைக்கு வந்த 1867 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதனோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று ஒரு விசாரிப்பு. 18 மாதம் முடிந்தபோது தற்கொலையால் இறந்தவர்கள் முதல் குழுவில் 2.2 விழுக்காடு, விசாரிக்கப்பட்ட குழுவில் 0.2 விழுக்காடு. ஒன்பது விசாரிப்புகள்! மைதானத்தில் ஓர் அண்ணன் ஒன்பது நாளில் கேட்டு முடிக்கும் கேள்வி அது.

உடற்பயிற்சியைப் பற்றி மிகையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 218 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளிவந்த மதிப்பீடு, நடை, ஓட்டம், யோகா, எடைப் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் கணிசமாகக் குறைப்பதாகச் சொல்கிறது. ஆனால் மைதானம் மருத்துவருக்கு மாற்று அல்ல. இரவெல்லாம் தூக்கமில்லை, சாவைப் பற்றியே பேச்சு, வைத்திருந்த பொருளையெல்லாம் பிறருக்குக் கொடுக்கிறார் என்றால், “நாலு ரவுண்டு ஓடு, சரியாப் போயிரும்” என்று சொல்வது தவறு. கூட உட்கார்ந்து, உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்ப உறுதிசெய்திருக்கின்றன. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்க வேண்டிய காலமும் போய்விட்டது. முயற்சி செய்து பிழைத்தவரைத் தண்டிக்காமல் பராமரிக்கச் சொல்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு 2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தில் இல்லை.

அண்ணன் போன மறுநாள் மைதானத்தைப் பூட்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஓட வேண்டாம். வந்து நின்றால் போதும். காரணம் தேட வேண்டாம், அவர் போன விதத்தைப் பேச வேண்டாம், அவரை வீரனாக்கிப் பேனரும் கட்ட வேண்டாம், கோழை என்றும் சொல்ல வேண்டாம். அவர் எப்படி விசில் ஊதினார், யாருக்கு ஷூ வாங்கிக் கொடுத்தார் என்று பேசலாம். கடைசியாக அவர் போன் வந்தபோது எடுக்காதவன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருப்பான். அவனை அடையாளம் கண்டு, ஒரு மாதத்துக்கு இரவு தனியாக விடாமல் இருக்க வேண்டும். பிறகு ஒரு நாள், பழைய நேரத்துக்கே, ஓட்டம் தொடங்க வேண்டும். ஏற்றத்தில் அவருக்காக வேகத்தைக் குறைத்துப் பழகிய கால் தானாகவே குறையும். அவர் இல்லை என்பதை மனம் ஏற்றுக்கொண்ட பின்னும் உடம்பு பல மாதம் அவரை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அந்த இடத்தில் அழுகை வந்தால் அழட்டும், பக்கத்தில் ஓடுகிறவன் கூடவே ஓடட்டும்.

இதைப் படிக்கும் உங்களுக்கே இருட்டான எண்ணங்கள் வந்தால், அல்லது அப்படி ஒருவர் உங்கள் நினைவுக்கு வந்தால், 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் செயல்படும் இந்த இலவசச் சேவையில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தில் ‘திசா’ 1056, தமிழ்நாட்டில் 104, சென்னை சிநேகா 044-24640050. உங்கள் மைதானத்தில் இந்த வாரம் வராதவர் யாராவது இருந்தால், புத்தகத்தை இங்கேயே மூடி வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். அடுத்த அத்தியாயத்தை வந்து படிக்கலாம்.